சித்திரையில் கேட்ட மழை

போன மாதம் என்னை உங்கள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். ஏசி அறை, நல்ல காபி. உங்களில் ஒரு பெண் பெரிய திரையில் வண்ண வண்ணக் கட்டங்களைக் காட்டினாள். உங்கள் ஒலிநூல்களைப் பஸ்ஸில் போகும்போது கேட்பவர்கள் இத்தனை பேர், சமைத்துக்கொண்டே கேட்பவர்கள் இத்தனை பேர், தூக்கம் வருவதற்காகக் கேட்பவர்கள் இத்தனை பேர். எந்த நிமிஷத்தில் அலுத்துப்போய் நிறுத்தினார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரிகிறது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பொறாமையாக இருந்தது.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ஒருத்தர் கதையைப் போட்டுக் கேட்கிறார். பக்கத்தில் இருந்து இன்னொருத்தரும் கேட்கிறார். அந்த இன்னொருத்தர் இதில் எங்கே வருவார்?"

"அவங்க இதுல வர மாட்டாங்க மேடம்," என்று சிரித்தாள்.

அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. அவளுடைய இப்போதைய வயதைவிட இருபது கூடுதலான வயதில்கூட நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அப்படி இருந்ததால் என்ன ஆயிற்று என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். காபியும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு சொல்லும் விஷயமாக அது எனக்குப் படவில்லை. எழுதிவிடுகிறேன், பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

அப்போது நான் புதுச்சேரியில் ஒரு சின்ன ஒலிநூலகத்தில் வேலை பார்த்தேன். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துக் கேசட்டில் பதிந்து, தபாலில் அனுப்புவோம். அவர்கள் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினால் அடுத்த உறுப்பினருக்குப் போகும். 2006 ஆரம்பத்தில் மேலே இருப்பவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கேசட்டை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் சிடிக்கு மாற்றிவிடலாம், பன்னிரண்டு கேசட் பிடிக்கிற நாவல் ஒரே சிடியில் அடங்கிவிடும். எதற்கும் உறுப்பினர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று படிவம் அச்சடித்து அனுப்பினோம். கேள்வி இரண்டுதான். கேசட் வேண்டுமா, சிடி வேண்டுமா? எங்கே வைத்துக் கேட்கிறீர்கள்?

வந்த பதில்களைப் படிக்கவே ஒரு வாரம் போனது. கிளியனூரில் ஒருவர் மாட்டுக் கொட்டகையில் கேட்கிறார், கதை ஓடினால்தான் மாடு உதைக்காமல் பால் கறக்க விடுகிறதாம். கேசட் நிறுத்தின இடத்தில் நிற்கும், சிடி ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து ஆரம்பித்து உயிரை வாங்குகிறது என்று ஒருவர் சண்டையே போட்டிருந்தார். கேசட்டில் விரலை விட்டுப் பார்த்தால் இன்னும் எவ்வளவு கதை மிச்சம் என்று தெரியும், சிடியைத் தடவினால் என்ன தெரியும் என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் சிடிதான் வேண்டும் என்றார்கள்.

மரக்காணத்திலிருந்து வந்த படிவத்தில் யாரோ எழுதிக்கொடுத்த கோணல் எழுத்தில் இரண்டே வார்த்தை. கேசட். உப்பளத்தில்.

வெட்டவெளியில், அந்த வெயிலில், எவன் உட்கார்ந்து கதை கேட்பான்? கேள்வி புரியாமல் எழுதிய பதில் என்று நினைத்து அதைத் தனியாக ஒதுக்கி வைத்தேன். கன்னியப்பன் என்ற உறுப்பினருடைய படிவம் அது.

இப்போது எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கேசட்டை உறுப்பினரேதான் கேட்டார் என்பதற்கு எங்களுக்கு அத்தாட்சி வேண்டும். கையெழுத்துப் போட முடியாதவர்களிடம் எதைக் கேட்பது? அதனால் ஒவ்வொரு கேசட்டிலும் கதை முடிந்த பிறகு ஐந்து நிமிஷம் காலியாக விட்டிருப்போம். உறுப்பினர் அதில் தன் பெயரைச் சொல்லி இரண்டு வார்த்தை பேசி அனுப்ப வேண்டும். குரல்தான் கையெழுத்து. குரல் இல்லாமல் கேசட் வந்தால் மீதிக் கேசட்டுகளையும் திருப்பி அனுப்பச் சொல்லிவிடுவோம். குரல் இருந்தால் பதிவேட்டில் "உண்டு" என்று எழுதிவிட்டு, அந்தப் பேச்சை அழித்து, அடுத்தவருக்கு அனுப்புவோம்.

அழிப்பது என் வேலை. நாளைக்கு முப்பது, நாற்பது கேசட் வரும். "வணக்கம்ங்க, இன்னார் பேசறேன்" என்று காதில் விழுந்ததும் என் கை பொத்தானுக்குப் போய்விடும். முழுப் பேச்சையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்படி ஓடும்? பேச்சை அழிக்கிறோம் என்று உறுப்பினர்களிடம் நாங்கள் சொன்னதில்லை. அவர்களும் கேட்டதில்லை.

கன்னியப்பன் உப்பளத்தில் வேலை செய்து, அந்த வெளிச்சத்திலேயே கண் போனவர். 2005 ஐப்பசியில் அவருக்குப் பன்னிரண்டு கேசட் கொண்ட ஒரு பழைய குடும்ப நாவலை மொத்தமாக அனுப்பியிருந்தோம். பதினைந்து நாளைக்கு ஒரு கேசட், பிசகாமல் திருப்பி அனுப்புவார். ஐந்தாவது கேசட் பொங்கல் வாரத்தில் வந்தது, அதில் பொங்கல் வாழ்த்துச் சொல்லியிருந்தார். மரியாதையான மனுஷன் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அழித்தேன்.

அவருக்கு அடுத்து அதே நாவலுக்குக் காத்திருந்தவர் வானூரில் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்கும் பார்வை கிடையாது, வாய் மட்டும் நன்றாக இருந்தது. வாரத்துக்கு ஒரு போன் வரும். "ஏம்மா, அந்தக் கன்னியப்பன் என்ன, கேசட்டை உப்புப் பாத்தியில போட்டு விளைவிச்சு அனுப்பறாரா?"

பங்குனி ஆரம்பத்தில் ஒன்பதாவது கேசட் வந்த அன்றைக்குக் கரண்ட் போய்விட்டது. அழிக்காமலே ஆசிரியருக்குப் போய்விட்டது. அடுத்த வாரம் அவர் போன் செய்தபோது குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"கதை முடிஞ்ச பிறகு யாரோ பேசறாரும்மா. பின்னாடி அடைமழை கொட்டுது. இங்க வெயில் மண்டையைப் பிளக்குது. எந்த ஊர்ல மழை?"

"ரேடியோ ஏதாவது ஓடியிருக்கும் சார்."

"எனக்கு மழைக்கும் ரேடியோவுக்கும் வித்தியாசம் தெரியும்," என்று வைத்துவிட்டார்.

அதனால் பத்தாவது கேசட் வந்தபோது பொத்தானில் இருந்து கையை எடுத்துவிட்டு முழுசாகக் கேட்டேன். ஓட்டுக்கூரையில் மழை விழுகிற சத்தம். தவளைகள். எங்கேயோ ஒழுகி ஈயப் பாத்திரத்தில் சொட்டுகிற சத்தம். அதற்கு நடுவே அவர் குரல். அந்தக் குரலிலும் ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் வருவதற்கு ஒரு நொடி முன்னால் அதே வார்த்தை மெல்லிசாக ஒரு தடவை கேட்டது, பக்கத்து அறையில் யாரோ முந்திக்கொண்டு சொல்வதுபோல. கேசட்டைச் சூட்டில் வைத்திருந்தால் அப்படி ஆகும், சுருளில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். காரணம் தெரிந்தும் ஒரு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

"கதை நல்லா இருக்குதுங்க. அந்தப் பொண்ணுதான் பாவம்," என்றார். எந்தக் கதையில்தான் பொண்ணு பாவமில்லை? பிறகு குரலைத் தாழ்த்தி, "அஞ்சல, கால்ல புண்ணு ஆறிச்சா?" என்று கேட்டார். மனைவி பக்கத்தில் இருக்கிறாள்போல என்று நினைத்தேன். பதில் வரவில்லை. மழை மட்டும் பெய்தது. ஒரு ஆள் பதில் சொல்லக் கூடிய நேரம் கழித்து, "ம்... சரி சரி," என்றார், பதிலைக் கேட்டுக்கொண்டவர் மாதிரி.

பதினோராவது கேசட் சித்திரை முதல் வாரம் வந்தது. அதே மழை, அதே தவளை, அதே சொட்டு. அதற்குள் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்கிறார்: "வெயிலு தாங்கலீங்க. பாத்தியில கால வெக்க முடியல."

எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை, கோபம். இந்த ஆள் எல்லாப் பேச்சையும் ஒரே நாளில் பேசி வைத்துவிட்டு நம்மை ஏமாற்றுகிறான், கேசட் வேறு எவனிடமோ இருக்கிறது என்று முடிவு செய்தேன். என் காதை ஏமாற்ற முடியாது என்ற பெருமை வேறு. அந்தக் காது அதற்கு முன்னால் எட்டு தடவை தூங்கிக்கொண்டிருந்ததை வசதியாக மறந்துவிட்டேன். அந்த இரண்டு பேச்சையும்கூட வழக்கம்போல அழித்தேன். பன்னிரண்டாவது கேசட் சித்திரைக் கடைசி ஆகியும் வரவில்லை. கையும் களவுமாகப் பிடிப்பது என்று படிவத்தை எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்குப் பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. ரோட்டோரத்தில் உப்பு லாரிக்குக் காத்திருந்த மேஸ்திரியிடம் கன்னியப்பனைப் பற்றிக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவுரு பாத்தி கடைசில இருக்குதும்மா. இப்ப போவாதீங்க, சாயந்திரமா வாங்க."

"ஏங்க?"

"ஆளுங்கல்லாம் பத்தரைக்கே கெளம்பிடுவாங்க. இந்நேரத்துக்கு அங்க படிக்கறது ஆரம்பிச்சிடும். நாங்க யாரும் அந்தப் பக்கம் போறதில்ல."

"யார் படிக்கிறது?"

"அது எங்களுக்குத் தெரியாதும்மா," என்று லாரியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நிழல் என்று ஒன்று கிடையாது. தரையும் வெள்ளை, வானமும் வெள்ளை, நடுவில் நடக்கிற நம் கால் மட்டும் கறுப்பாகத் தெரிகிறது. வரப்பில் கால் மணி நேரம் நடந்திருப்பேன். ஒரு காக்கைகூட இல்லை. அப்போது கேட்டது. கணீரென்று ஒரு ஆண் குரல், நிறுத்தி நிதானமாக, "அன்று மாலை அவள் கிணற்றடிக்கு வந்தபோது" என்று ஆரம்பித்தது. சுற்றிப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. அந்தக் குரல் எனக்குத் தெரியும். எங்களுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து படிக்கும் பேங்க் ஆபீசருடையது. எத்தனையோ வருஷம் என் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்ட குரல், பாத்தித் தண்ணீர் மேல் தவழ்ந்து எல்லாத் திசையிலிருந்தும் வந்தது.

குரலைப் பிடித்துக்கொண்டே போனேன். உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் ஓலைக் குடிசை ஒன்று. உள்ளே ஒரு பழைய நாற்காலி, காலியாக. நாற்காலிக்கு எதிரில் கவிழ்த்த கூடை மேல் உறுப்பினர்களுக்கு நாங்கள் கொடுக்கும் டேப் ரெக்கார்டர். நாற்காலி கையில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது. கால் வைக்கும் இடத்தில் மண் பெருக்கியிருந்தது. யாரும் உட்காராத நாற்காலிக்குக் கதை ஓடிக்கொண்டிருந்தது.  பழக்க தோஷத்தில் கை போய் டேப்பை நிறுத்திவிட்டது.

"யாரது? நிறுத்தாதீங்க!"

தூரத்தில், வெள்ளைக்குள் வெள்ளையாக இருந்த ஒரு உருவம் நிமிர்ந்தது. தலையிலிருந்து முழங்கால் வரை வெளிறிய சட்டையும் துணியும் சுற்றிக்கொண்டு, உப்பு வாருகிற பலகையைப் பிடித்தபடி ஒரு பெண். வரப்பில் ஓடிவந்தார். அவர்தான் அஞ்சலை, கன்னியப்பனின் மனைவி.

நான் யாரென்று சொன்னேன். அந்த அம்மா பயப்படவில்லை, முகம் மலர்ந்துவிட்டது. அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது.

"அவரு எங்கேம்மா?" என்றேன்.

"ஐப்பசிலயே போயிட்டாருங்க. நெஞ்சு நோவு. பெரிய ஆஸ்பத்திரில பாத்துட்டு ஊட்டுக்கு இட்டுக்கினு போவச் சொல்லிட்டாங்க. அப்பறம் ஒரு பத்து நாளு."

பொங்கல் வாழ்த்துச் சொன்னவர் பொங்கலுக்கு இரண்டு மாதம் முன்பே இறந்துவிட்டார். நான் அந்த நாற்காலியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

அஞ்சலை சொன்னதை அப்படியே சொல்கிறேன். கண் போனபிறகு கன்னியப்பன் தினமும் இந்தக் குடிசையில் வந்து உட்கார்ந்து டேப்பைப் போடுவாராம். அஞ்சலை பாத்தியில் நின்று உப்பு வாரிக்கொண்டே கேட்பாராம். "காத்து இல்லன்னா அந்தக் கடைசி வரைக்கும் கேக்கும். ஒரு ஆளு பேர்லதான் மெம்பர் சீட்டு, கேக்கற காது நாலு," என்று சிரித்தார். சிடி வந்தால் நல்லதுதானே என்று நான் ஏதோ உளறினேன். "மேஸ்திரி பையன் வெச்சிக்கினு இருக்கறான். காதுல வயர மாட்டிக்கினு ஒண்டியாக் கேக்கறான். ரெண்டு பேரு கேக்கறதுன்னா எப்பிடி?" என்றார்.

அந்த ஐப்பசியில் உப்பளத்தில் வேலை இல்லை. அஞ்சலை கிளியனூர் பக்கம் நடவுக்குப் போயிருந்த ஒரு மழை நாளில், கன்னியப்பன் வீட்டில் தனியாக உட்கார்ந்து பன்னிரண்டு கேசட்டையும் ஒவ்வொன்றாகத் தடவி, கடைசி வரை ஓட்டி, கையெழுத்துப் பேச்சைப் பேசி வைத்துவிட்டார். அதற்குள் அவர் கேட்டிருந்தது இரண்டு கேசட் கதைதான். தான் இறந்தது தெரிந்தால் நூலகத்தில் டேப்பையும் கேசட்டுகளையும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், கண் தெரிகிற அஞ்சலைக்குக் கொடுக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பதினைந்து நாளைக்கு ஒன்று அனுப்பு, கதை முடிந்ததும் நிறுத்திவிடு, அதற்கு மேல் இருக்கும் பேச்சைக் கேட்காதே, அது ஆபீஸுக்கு. இவ்வளவுதான் மனைவியிடம் சொன்னது.

"கடைசி கேசட்டு மட்டும் முழுசா கேளுன்னாரு. அதான் அனுப்ப மனசு வரல. கேட்டுட்டா முடிஞ்சிடும் இல்ல." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவுரு பேசனதெல்லாம் நீங்க அங்க வெச்சிருக்கீங்க இல்ல? பதினொண்ணும்?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இருக்கும்மா, பத்திரமா இருக்கு," என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. நம் தொழிலில் இக்கட்டில் சிக்கும்போது முதலில் நாக்குக்கு வருவது இப்படிப்பட்ட பேச்சுதான். அதை நம்பாதீர்கள்.

"அப்ப நீங்க இருக்கும்போதே கேட்டுடறேன்," என்று அஞ்சலை பன்னிரண்டாவது கேசட்டைக் கடைசிக்கு ஓட்டிப் போட்டார். மழை ஆரம்பித்தது. அந்த வெயிலில், அந்தக் குடிசைக்குள், ஈயப் பாத்திரத்தில் சொட்டுச் சொட்டாக. முதலில் மெல்லிசாக ஒரு "அஞ்சல". அதன்மேலேயே உரக்க இன்னொரு "அஞ்சல."

"மத்தியானமா இருக்கும். குடிசையில வெச்சிக் கேட்டுக்கினு இருப்ப. கூட யாரு, ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்களா? வந்திருக்கணும். நான் கொட்டற மழைல ஒக்காந்துக்கினு வெயிலு வெயிலுன்றேன். காதால பொழைக்கறவங்களுக்குப் புரியாமலா பூடும்? வரலன்னா, நான் பேசனத அங்க ஒருத்தரும் கேக்கலன்னு அர்த்தம். வந்திருந்தா, வணக்கம்ங்க. பொய்க் கையெழுத்துதான் போட்டேன், மன்னிச்சிக்கோங்க. அஞ்சல, ஒவ்வொரு கேசட்டுலயும் ஆபீஸ் பேச்சு முடிஞ்சப்பறம் உனக்குத் தனியாப் பேசி வெச்சிருக்கறேன். அப்பவே குடுத்தா ஒரே நாள்ல எல்லாத்தையும் கேட்டுட்டு அழுதுக்கினு கெடப்ப. அதான் அவங்ககிட்ட குடுத்து வெக்கச் சொன்னேன். அவங்க பத்திரமா வெச்சிருப்பாங்க. கேட்டு வாங்கிக்கோ. வெயில்ல வந்திருப்பாங்க, தண்ணி குடு."

டேப் தானாக நின்றது. அஞ்சலை எழுந்து, கேனிலிருந்து சொம்பில் தண்ணீர் ஊற்றி என் முன்னால் நீட்டினார்.

அதை வாங்க எனக்குக் கை வரவில்லை. வாங்கிக் குடித்துவிட்டு, அடுத்த வாரம் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பஸ் ஏறியிருக்கலாம். பிறகு தபாலில் தொலைந்துவிட்டது என்று ஒரு கடிதம் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. உண்மையாகச் சொல்கிறேன், அப்படிச் செய்யலாமா என்று யோசித்தேன். ஆனால் அந்த மனுஷன் செத்தும் என்னை நம்பியிருக்கிறார்.

"அஞ்சலையம்மா, நான் பொய் சொன்னேன். அங்கே எதுவும் இல்லை. எல்லாத்தையும் அழிச்சிட்டேன். அழிக்கறதுதான் என் வேலை."

சொம்பு நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

"கேட்டுட்டுதான அழிச்சீங்க?"

"இல்லம்மா. பேரைச் சொன்னதும் அழிச்சிடுவேன். கடைசி ரெண்டு மட்டும்தான் முழுசாக் கேட்டேன்."

அவர் கத்தவில்லை. சொம்பைக் கீழே வைத்துவிட்டு, டேப்பிலிருந்து கேசட்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "இத குடுக்க மாட்டேன். நீங்க இதையும் அழிச்சிடுவீங்க," என்றார். "மாட்டேன்" என்று நான் சொன்னால் யார் நம்புவது? ஒரே ஒரு தடவை கையில் கொடுங்கள் என்று கெஞ்சி வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே என் வீட்டுச் சாவியால் கேசட்டின் மேல் ஓரத்தில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளையும் உடைத்தேன். அதை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் இறங்காது, அழிக்க முடியாது. அவர் அந்த இரண்டு குழியையும் விரலால் தடவிப் பார்த்தார். நூலகத்துச் சொத்தைச் சேதம் செய்தது என் பணிக்காலத்தில் அந்த ஒரு தடவைதான்.

பிறகு, "அந்த ரெண்டுல இன்னா சொன்னாரு?" என்று கேட்டார்.

"பத்தாவதுல, 'அஞ்சல, கால்ல புண்ணு ஆறிச்சா'ன்னு கேட்டாரும்மா."

அஞ்சலை என்னைப் பார்க்கவில்லை. நாற்காலியைப் பார்த்து, "ஆறிடுச்சி," என்றார். பிறகு என்னிடம், "அப்பறம்?"

"'ம்... சரி சரி'ன்னாரு."

அந்த இடைவெளி எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. மழைக்கு நடுவே அவர் விட்டு வைத்திருந்த மௌனம் இந்த ஒரு வார்த்தைக்காக. அதைச் சரியாக அளந்து விட்டிருந்தார். பதினோராவதில், புதுச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்கிறாயா என்று கேட்டிருந்தார். போட்டுக்கொள்கிறேன் என்று அஞ்சலை சொன்னார். என்னால் கொடுக்க முடிந்தது அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது. அழ எனக்கு என்ன அருகதை என்று அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வானூருக்குப் போய் ஆசிரியர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஒன்பதாவதன் மேல் வழக்கம்போலத் தன் கையெழுத்தைப் பேசி அனுப்பிவிட்டார், கேசட்டில் ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அவர் அதை முழுசாகக் கேட்டிருந்தார். கதையைச் சொன்னேன். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"'அஞ்சல, ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கறியா?' அப்படின்னு கேட்டார். அப்புறம் நான் அஞ்சு எண்ணற நேரம் பேச்சே இல்லை. கேசட் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்புறம், 'பயப்படாத,' அப்படின்னார். என்கிட்ட சொல்றார்னு நினைச்சு நானும் சரின்னுட்டேன்." பிறகு, "கடைசிக் கேசட் அந்த அம்மாகிட்டயே இருக்கட்டும். கதை முடிவை நீயே படிச்சு அனுப்பு. உன் குரல் கதைக்கு ஒத்து வராது, பரவாயில்லை," என்றார். அப்படியே செய்தேன். குரல் ஒத்து வரவில்லை என்று மறுபடியும் போன் செய்து சொன்னார்.

அடுத்த வருஷமே எல்லாம் சிடியாகிவிட்டது. சிடியில் யாரும் பேச முடியாது. குரல் கையெழுத்து நின்றது. வேலை சுலபமாகிவிட்டது என்று எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் அதற்கு முன், வானூரிலிருந்து நேராக மறுபடியும் மரக்காணத்துக்குப் போனேன். அதே மத்தியானம், அதே குடிசை. ஒன்பதாவதைச் சொன்னேன். அஞ்சலை நாற்காலியைப் பார்த்து, "போட்டுக்கறேன்," என்றார். "பயப்படாதன்னாரும்மா," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"மீதி எட்டு?"

"யாருக்கும் தெரியாதும்மா. யாருமே கேக்கல."

உப்பில் வெடித்த தன் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார். "இருவத்தேழு வருசம் ஒண்ணா இருந்தோம். இன்னா கேட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு, துண்டு மடித்துப் போட்டிருந்த அந்த நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். இந்தத் தடவை கடைசி வரைக்கும் கேட்பது என்று இருந்தேன்.

"சாப்டேன்," என்றார்.

ஒரு ஆள் "ம்" சொல்லக் கூடிய நேரம் சும்மா இருந்தார். பிறகு, "ஓடு மாத்திட்டேன். இப்ப ஒழுவறதில்ல."

இன்னும் கொஞ்சம் நேரம். "உங்க அக்கா வந்துட்டுப் போச்சி."

"மாத்திரைய நிறுத்தல."

"கண்ணுக்குத் துணி கட்டிக்கினுதான் நிக்கறேன்."

"ஆமா, ஒண்டியாத்தான். பழகிடுச்சி."

ஏழாவதுக்கு முன்னால் ரொம்ப நேரம் பேசவில்லை. வெளியே பாத்தித் தண்ணீர் அசையாமல் கிடந்தது. "கதை நல்லாத்தான் இருக்குது. நீங்க ரெண்டு கேசட்டுதான் கேட்டீங்க, அந்தப் பொண்ணு கடைசில நல்லா இருக்குது," என்றார்.

பிறகு எட்டாவது. நாற்காலியை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல. அழல."